தபால்காரன் ஊதிய விசில்

பதினான்கு வருஷம் நான் விசில் ஊதியிருக்கிறேன். அட்டன், தலவாக்கலை, நுவரெலியா, கடைசி நாலைந்து வருஷம் கண்டி வரைக்கும். போலீஸ்காரர்களை மைதானத்தை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறேன். ஒரு தடவை பாதிரியார் ஒருவரையே அனுப்பினேன். எனக்காக ஜெபிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார், ஆனால் அது ஜெபிக்கிற முகமாகத் தெரியவில்லை. இவ்வளவுக்கும் எனக்குப் பந்தாடத் தெரியாது. நான் முன்னால் உதைத்தால் பந்து பக்கவாட்டில் போகும்.

நான் தோட்டத்துத் தபால்காரன். காலையில் ஆபீசில் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு வட்டகொடை ஸ்டேஷனுக்கு இறங்குவேன். இறக்கம் நாலு மைல், திரும்பி வரும்போது அதே நாலு மைல் ஏற்றம். ரயில் கொண்டுவந்த கடிதங்களையும் பேப்பரையும் வாங்கிக்கொண்டு வந்து, ஆபீஸ், ஸ்டோர், டிஸ்பென்சரி என்று கொடுத்துவிட்டு, கடைசியாகத் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரப் பெரிய துரை பங்களாவில் பையை ஒப்படைப்பேன். மழையோ பனியோ, ஒரு நாள் தப்பியதில்லை. தோட்டத்தில் மற்றவர்களெல்லாம் விடியுமுன் பெரட்டுக்களத்தில் போய் வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். எனக்கு அது இல்லை. ரயிலைப் பார்க்கலாம், அதில் வருகிறவர்களைப் பார்க்கலாம், யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது என்று பார்க்கலாம். எதையும் ஏன், எதற்கு என்று நோண்டாமல் இருக்க முடியாத எனக்கு அதைவிட நல்ல வேலை இந்த உலகத்தில் கிடையாது.

என் வீட்டுக்காரி கொழுந்து பறிக்கிறவள். அவள் சொல்லுவாள்: "ஒங்களுக்கு மூக்கு மொகத்துல இல்லங்க. அடுத்தவுங்க வீட்டுக்குள்ள இருக்கு."

சரிதான். அந்த மூக்குதான் என்னைப் பந்தாட்டத்துக்கு நடுவராக, ரெப்ரியாக்கியது.

எங்கள் தோட்டத்தில் மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டு. இரண்டுக்கும் நடுவே மலையை வெட்டிச் சமப்படுத்திய ஒரு மைதானம். பந்தை ஓங்கி அடித்தால் தேயிலைக்குள் போய் விழும், அதைத் தேடி எடுப்பதற்குள் ஆட்டக்காரர்கள் ஒரு வாய் வெற்றிலை போட்டு முடித்துவிடுவார்கள். வெறுங்காலோடுதான் ஆட்டம். ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் பெரிய கிளாக்கர் ஐயாதான் அப்போது ரெப்ரி. கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, மழை வந்தால் குடையும் பிடித்துக்கொண்டு, நடு மைதானத்தில் நின்ற இடத்திலேயே நின்று ஊதுவார். கோலுக்குப் பக்கத்தில் நடப்பது அவருக்குத் தெரியாது. யார் பெரிதாகச் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் பக்கம் தீர்ப்பு.

ஐம்பத்தொன்றிலோ இரண்டிலோ பெரிய துரைக்கு உதவியாகப் புதிதாக ஒரு சின்னத் துரை வந்தார். ஸ்காட்லாந்துக்காரர், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும், பந்தென்றால் பைத்தியம். வந்த மாதமே மேல் டிவிசன் கோஷ்டியில் தானும் ஒருவராக இறங்கிவிட்டார். குடை பிடித்த ரெப்ரியைப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை. "யாருக்கு நல்ல கால் இருக்கு?" என்று தெரிந்த தமிழில் கேட்டார். எல்லாருமாக என்னைக் காட்டினார்கள். நான் மேல் டிவிசனும் இல்லை கீழ் டிவிசனும் இல்லை, இருக்கிறது ஸ்டோருக்குப் பக்கத்து லயத்தில், வரிசை வீட்டில். ஆக இரண்டு பேருக்கும் பொது. விசில் என் கழுத்துக்கு வந்துவிட்டது.

முதல் ஆட்டத்தில் நடந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் மலையில் விசில் சத்தம் கேட்டால் வேலை விட்டாச்சு என்று அர்த்தம். மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஊதுவார், எல்லாரும் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். பெரிய கிளாக்கர் ஊதினால் யாரும் கண்டுகொள்வதில்லை, அவருக்கு ஊதவே மூச்சு இல்லை. நான் தபால்காரன், நெஞ்சு நிறைய மூச்சு. ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஒருவன் இன்னொருவனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஊதினேன் பாருங்கள், மலைக்கு மலை எதிரொலித்தது. கீழ் டிவிசன் ஆள்கள் ஏழெட்டுப் பேர் அப்படியே திரும்பி லயத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள்!

"அடேய், எங்கடா போறீங்க?"

"ஊதிட்டீங்களேண்ணே?"

சின்னத் துரை தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவருக்கு ஊரிலிருந்து வந்த ஒரு சின்னப் புத்தகம் என் கைக்கு வந்தது. கால்பந்து விதிப் புத்தகம். ஆங்கிலம். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை. ஆங்கிலம் என்றால் கடித உறைகளில் படித்த ஆங்கிலம்தான். ஸ்டேஷனில் ரயில் பிந்துகிற நாள்களில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் நாளுக்கு ஒரு பக்கம் அர்த்தம் கேட்டுக்கொள்வேன். ஆஃப்சைட் என்ற விதி மூன்று வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஏற்றத்தில் வரும்போது வழியோரத் தேயிலைச் செடிகளை ஆட்டக்காரர்களாக வைத்துக்கொண்டு, இந்தச் செடி இங்கே, அந்தச் செடி அங்கே, பந்து இந்த நேரத்தில் கிளம்பினால் சரியா தப்பா என்று சத்தமாகவே வழக்காடிக்கொண்டு வருவேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று வீட்டுக்காரியிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். "அது புதுசா புடிச்சது இல்ல" என்றாளாம் அவள்.

ஒரு ரெப்ரிக்குத் தெரிகிற விஷயங்கள் வேறு யாருக்கும் தெரியாது. கோல்கீப்பர்தான் எல்லாரையும்விட அதிகம் பொய் சொல்கிறவன். வேண்டுமென்று காலைத் தட்டிவிட்டவன் உடனே கையை விரித்துக் காட்டுவான், தெரியாமல் தட்டியவன் விழுந்தவனைத்தான் முதலில் பார்ப்பான். பனி இறங்கிப் பந்து கண்ணுக்குத் தெரியாத நேரத்தில், உதைத்த சத்தத்தை வைத்தே அது காலில் பட்டதா முழங்காலில் பட்டதா என்று சொல்லிவிடலாம். இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து எனக்குள் நானே குதித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரே ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. சின்னத் துரை ஒவ்வொரு ஆட்டத்திலும் மூன்று கோல், நாலு கோல் போட்டுக்கொண்டிருந்தார். பந்தை எடுத்தால் நேரே கோலுக்குத்தான். பெரிய ஆட்டக்காரர் என்று நாங்களும் நினைத்தோம், அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஒரு நாள் நுவரெலியாவில் துரைமார் கிளப்புக்காக ஆடப் போனார். ஒரு கோல் இல்லை. பந்தைக் காலில் வைத்திருக்கவே விடவில்லையாம். அடுத்த முறை போனார், அப்போதும் இல்லை. எங்கள் மைதானத்துக்கு வந்தால் மறுபடியும் நாலு கோல்.

என்னடா இது? மண் ஒன்றுதான், மழை ஒன்றுதான், அதே ஆள், அதே கால். மண்டை காய்ந்துபோனது எனக்கு.

விடை ஒரு நாள் ரோட்டில் கிடைத்தது. பையோடு ஏறி வந்துகொண்டிருந்தேன். மேலேயிருந்து சின்னத் துரை மோட்டார் சைக்கிளில் இறங்கி வந்தார். நான் ரோட்டை விட்டுக் கானுக்குள் இறங்கினேன். தண்ணீர் போவதற்கு ரோட்டோரம் வெட்டியிருக்கிறார்களே, அந்தக் கான். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, அவர் கடந்து போகிறவரை நின்றேன். துரை வந்தால் எல்லாரும் அப்படித்தான். நடக்கப் பழகும்போதே பழகிவிடுகிற விஷயம். போகட்டும். அவர் போன பிறகு கானுக்குள் நின்றபடியே எனக்கு மயிர் கூச்செறிந்தது.

ஒதுங்குகிறார்கள்! மைதானத்திலும் ஒதுங்குகிறார்கள்!

அடுத்த ஆட்டத்தில் கவனித்தேன். சின்னத் துரை பந்தோடு வருகிறார். கீழ் டிவிசன் தடுப்பு ஆட்டக்காரன் எதிரே நிற்கிறான். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவன், கட்டை மாதிரி உடம்பு, மற்ற யார் வந்தாலும் மோதிச் சாய்த்துவிடுவான். துரை பத்தடித் தூரத்துக்கு வந்ததும் அவன் கால் தானாக ஒரு எட்டுப் பக்கத்தில் வைத்தது. தலை கொஞ்சம் குனிந்தது. துரை தாண்டிப் போனதும் திடுக்கிட்டு விழித்தவனைப் போல் பின்னால் ஓடினான். அவன் வேண்டுமென்று விடவில்லை. அவன் காலுக்கு அது மைதானமா ரோடா என்று வித்தியாசம் தெரியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தச் சமயம் கொழும்பிலிருந்து பரீட்சைக்காரர் ஒருவர் நுவரெலியாவுக்கு வந்து ரெப்ரிகளுக்குப் பரீட்சை வைக்கப் போவதாக ஸ்டேஷனில் கேள்விப்பட்டேன். தேறினால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் எந்த ஊர் மைதானத்திலும் ஊதலாம். எனக்கு அது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. தோட்டத்துக்கு வெளியே, என்னைத் தபால்காரன் என்று தெரியாத இருபத்திரண்டு பேருக்கு நடுவில் நிற்க வேண்டும். அங்கேயும் என் விசிலுக்கு ஆட்டம் நிற்குமா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு நானுஓயாவில் இறங்கி பஸ் பிடித்துப் போனேன்.

பரீட்சைக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிங்களவர். குட்டை உருவம், ஆனால் பார்வை ஊசி. விதிகளைச் சிங்களத்தில் கேட்டார், சிங்களத்திலேயே சொன்னேன். ஒன்றும் தப்பவில்லை. பிறகு ஆட்டத்துக்கு விட்டார். துரைமார் கோஷ்டி ஒரு பக்கம், டவுன் ஆள்கள் ஒரு பக்கம். ஓடி ஓடி ஊதினேன். வேர்க்க விறுவிறுக்க அவர் முன்னால் போய் நின்றேன். தேறிவிட்டோம் என்றுதான் நினைப்பு.

"விதி தெரியும். கால் நல்ல கால்," என்றார். "ஆனால் மூன்று தடவை நீ கண்ணைத் தாழ்த்தினாய்."

"மாத்தையா?"

"மூன்று தடவையும் உனக்கு நேரே ஓடி வந்தது ஒரு வெள்ளைக்காரன். மூன்று தடவையும் ஒரு எட்டு விலகினாய், தரையைப் பார்த்தாய். இரண்டாவது தடவை அவன் கையால் பந்தைத் தட்டினான். மைதானத்தில் எல்லாரும் பார்த்தார்கள். நீ மட்டும் பார்க்கவில்லை."

ஐயோ சாமி! கவ்வாத்துக்காரனைப் பார்த்துச் சிரித்த வாய் இது. எனக்கு அது நடந்ததே தெரியாது. என் கண் எனக்குத் தெரியாமல் கீழே போயிருக்கிறது.

"அடுத்த வருஷம் இந்தப் பக்கம் வருவேன். உன் தோட்டத்துக்கே வந்து பார்க்கிறேன். அங்கேயும் கண் தாழ்ந்தால், அதற்குப் பிறகு பரீட்சைக்கு வராதே. ரெப்ரி வேலை உனக்கு ஆகாது."

வெட்கத்தில் பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்ப தொர மொகத்த நீங்க இதுவரைக்கும் பார்த்ததே இல்லையா? எட்டு வருசமா தபாலு குடுக்குறீங்க. அவரு கண்ணு என்னா நெறம்?"

யோசித்தேன். தெரியவில்லை! பெரிய துரையின் பூட்ஸ் தெரியும், அதில் எந்தக் கண்ணியில் கயிறு அறுந்திருக்கிறது என்று தெரியும், கையின் மோதிரம் தெரியும். கழுத்துக்கு மேலே ஒன்றும் தெரியாது. ஊரிலுள்ள எல்லாவற்றையும் நோண்டுகிற எனக்கு, தினமும் நேரே நிற்கிற மனிதனுக்குக் கண் என்ன நிறம் என்று தெரியாது. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

அன்றிலிருந்து பயிற்சி. ஒரேயடியாகப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முதல் வாரம் பங்களா வராந்தாவில் பையைக் கொடுக்கும்போது துரையின் சட்டையின் மூன்றாவது பொத்தானைப் பார்த்தேன். அதற்குமேல் கண் ஏறவில்லை. அடுத்த வாரம் முதல் பொத்தான். பிறகு காலர். தாடைக்கு வர ஒரு மாதம் ஆனது. அதில் சவரக் கத்தி பட்ட ஒரு பழைய தழும்பு. நாளுக்கு நாள் ஆசை கூடிக்கொண்டே போனது, எனக்குப் பயத்தைவிட அது பெரியது. ஒரு வெள்ளிக்கிழமை கண்ணைப் பார்த்துவிட்டேன். சாம்பல் நிறம். ஓரத்தில் சிவந்து, தண்ணீர் கட்டியிருந்தது.

பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. பையைத் திறக்கும்போது அந்தக் கண் மற்றக் கடிதங்களைப் பார்ப்பதே இல்லை. நீல நிறத்தில் ஒரு மெல்லிய உறை மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். அதைத்தான் தேடும். அது இருந்தால் முகம் இளகிவிடும். இல்லாவிட்டால் தொங்கிப்போகும், மற்ற உறைகளைக் கிழிக்கிற கை முரடாகிவிடும். அன்றைக்கு யாருக்காவது திட்டு விழும். அடேயப்பா! எட்டு வருஷமாக அந்த உறையைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான், அதை என்ன ஆவலோடு ஒருவன் வாங்குகிறான் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. நீல உறை இல்லாத நாள்களில் அவருக்காக எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

ஆனால் பார்க்கிற கண்ணை எதிரே உள்ள கண்ணும் பார்க்கும்தானே? பெரிய கிளாக்கர் ஐயா ஒரு நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"டேய், தொர மொகத்த மொறச்சுப் பாக்குறியாமே?"

"மொறைக்கலீங்க ஐயா. பாக்குறேன்."

"எதுக்குப் பாக்குற?"

என்ன சொல்ல? ரெப்ரிப் பரீட்சைக்கு என்று சொன்னால் சிரிப்பார்.

"இந்தா, ஒரு தடவதான் சொல்லுவேன். இன்னும் ஒரு தரம் ஒன்னயப் பத்தி பேச்சு வந்துச்சுன்னா தபால் பைய வேற ஆளுகிட்ட குடுக்கச் சொல்லிட்டாரு. ஒனக்கு மம்பட்டியோ கத்தியோ, பெரட்டுல வந்து நின்னுக்க. வெளங்குதா?"

விளங்கியது. பை போனால் ரயில் போச்சு, ஸ்டேஷன் போச்சு, எனக்கு இருந்த உலகமே போச்சு. அன்றிலிருந்து பங்களாவில் மறுபடியும் பூட்ஸைப் பார்த்தேன். ஆனால் கண்ணைப் பழக்குவதை விடவில்லை. கண்டாக்கு ஐயாவைப் பார்த்தேன், டவுன் முதலாளிமாரைப் பார்த்தேன், ரயிலில் முதல் வகுப்பு ஜன்னலில் தெரிகிறவர்களைப் பார்த்தேன். கழுத்து நரம்பு வலிக்கும். ஆமாம், நிஜமாகவே வலிக்கும், குனிந்தே பழகிய கழுத்து அல்லவா?

அடுத்த வருஷம் சொன்னபடி பரீட்சைக்காரர் வந்தார். அன்றைக்கு இரண்டு டிவிசனுக்கும் கோப்பை ஆட்டம். கொத்மலைப் பக்கத்திலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பெரிய துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பெரிய கிளாக்கர் நின்றார். எதிர்ப் பக்கத்தில் பரீட்சைக்காரர் கையில் நோட்டுப் புத்தகத்தோடு. லயத்துச் சனங்கள் எல்லாரும் கரையில். வீட்டுக்காரி காலையிலேயே சொல்லிவிட்டாள்: "கண்ணத் தூக்குனா பை போயிரும். தூக்காட்டி அந்த ரெப்ரிக் காயிதம் போயிரும். நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். ஒங்க கண்ணு, ஒங்க கழுத்து."

முதல் பாதியில் சின்னத் துரை வழக்கம்போல் ஒரு கோல் போட்டார். கவ்வாத்துக்காரன் வழக்கம்போல் ஒதுங்கினான். விதிப்படி அது கோல்தான். ஒதுங்குவதற்கு விசில் கிடையாது. பிறகு கீழ் டிவிசன் ஒன்று போட்டது. ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் பாதியில் தூறல் தொடங்கி, தோல் பந்து தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்தது.

முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கும். மூலையிலிருந்து பந்து உயரமாக வந்தது. சின்னத் துரை என்னை நோக்கி ஓடி வந்தார், எனக்கும் அவருக்கும் நடுவில் யாரும் இல்லை. கால் ஒரு எட்டு விலகப் பார்த்தது. விடவில்லை. கழுத்து கீழே இழுத்தது. விடவில்லை. நேரே அவரையே பார்த்தேன். பந்து தலைக்கு மேலே போகப் போனபோது அவருடைய இடது கை எழும்பி, உள்ளங்கையால் அதைக் கீழே அமுக்கியது. பந்து காலுக்கு விழுந்தது. அடித்தார். உள்ளே போனது.

மேல் டிவிசன் ஆரவாரம் போட்டது. அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினார். கீழ் டிவிசனில் ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. கவ்வாத்துக்காரன் பந்தை வலையிலிருந்து எடுக்கக் குனிந்துவிட்டான்.

நான் ஊதினேன். கோலுக்கு அல்ல, கைக்கு. கை பட்ட இடத்தைக் காட்டினேன்.

சத்தம் அப்படியே அறுந்தது. சின்னத் துரை திரும்பி வந்து எனக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் நின்றார்.

"என்ன?"

"கை, சார்."

"யார் சொல்றது?"

"நான் பாத்தேன், சார்."

 என் கண் அவர் கண்ணிலேயே இருந்தது. நீல நிறம். இமையில் மழைத்துளி. முதலில் கோபம் இருந்தது, பிறகு ஏதோ குழப்பம் வந்தது. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், அதில் சேறு அப்பியிருந்தது. திரும்பிப் போய்விட்டார். கரையில் பெரிய துரை நாற்காலியை விட்டு எழுந்து நின்றது தெரிந்தது.

ஆட்டம் தொடர்ந்தது. சின்னத் துரைக்கு ரோஷம் வந்துவிட்டது. நடுவில் பந்தைப் பிடித்தார், தனி ஆளாகக் கிளம்பினார். ஒருவன் ஒதுங்கினான். இன்னொருவன் ஒதுங்கினான். கடைசியில் கவ்வாத்துக்காரன். அவன் கால் பக்கத்தில் போகும் போகும் என்று பார்த்துக்கொண்டே ஓடுகிறேன். போகவில்லை. தலை குனியவில்லை. நேரே போய்ப் பந்தில் காலை வைத்தான். பந்தில்தான் வைத்தான், நான் ஐந்து அடி தூரத்தில் நிற்கிறேன், சத்தமும் தோலில் பட்ட சத்தம். சின்னத் துரை அவன் காலைத் தாண்டிச் சேற்றில் குப்புற விழுந்தார்.

ஆட்டம் நின்றது. நான் நிறுத்தவில்லை, அவர்களாகவே நின்றார்கள். இருபத்தோரு பேரும், கரையில் இருந்த சனம் முழுவதும் என் வாயைப் பார்த்தார்கள். துரை விழுந்துகிடக்கிறார், ஊதாமல் இருக்க முடியுமா? கவ்வாத்துக்காரன் முகம் வெளிறிப்போய், தானே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சின்னத் துரை சேற்றில் கிடந்தபடி என்னை நோக்கிக் கையைத் தூக்கினார். விசில் என் பல்லுக்கு நடுவில் இருந்தது. அதை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"ஆடுங்கடா!" என்று கத்தினேன்.

அந்த ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றாகவே முடிந்தது. கோப்பை ஆளுக்கு ஆறு மாதம் என்று ஏற்பாடு. பரீட்சைக்காரர் நோட்டை மூடிவிட்டு வந்தார். "ஒரே ஒரு தடவை தாழ்ந்தது," என்றார். எனக்கு உயிர் போய் வந்தது. "பெரிய துரை எழுந்து நின்றபோது. ஆனால் அது நீ ஊதி முடித்த பிறகு. அதை நான் எழுதவில்லை." கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையைக் குலுக்கிய முதல் உத்தியோகத்தர் அவர்தான்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனேன். பை ஆணியில் இல்லை. வேறொருவன் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான், என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பெரிய கிளாக்கர் தலையைத் தூக்காமலே, "நாளைக்குப் பெரட்டுக்கு வா. கவ்வாத்து," என்றார். அவ்வளவுதான். யாரும் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். ஆண்பிள்ளை அழலாமா என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை, ஒன்பது வருஷம் நடந்த ரோடு அது. வீட்டுக்காரி தேத்தண்ணியை நீட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். "அழுவுங்க," என்றாள். "அழுதுட்டு அந்தக் காயிதம் வந்தா எங்க மாட்டுறதுன்னு யோசிங்க."

மறுநாள் பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, கத்தி வாங்கிக்கொண்டு மலைக்குப் போனேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை, மத்தியானத்துக்குள் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. பக்கத்து நிரையில் அவன்தான், கீழ் டிவிசன் தடுப்பு ஆட்டக்காரன். என் செடிகளிலும் பாதியை அவனே வெட்டித் தள்ளிக்கொண்டு வந்தான்.  எனக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதே.

"ஏண்டா, ஒன்னு கேக்கணும். இத்தன வருசமா ஒதுங்குனியே, அன்னிக்கு மட்டும் ஏன் ஒதுங்கல? நான் கோலு குடுக்கலேங்கிற தைரியமா?"

அவன் கத்தியைச் செடியில் குத்திவிட்டு நிமிர்ந்தான். 

"தைரியமெல்லாம் இல்லண்ணே. நீங்க அவரு மொகத்த நேருக்கு நேரு பாத்துக்கிட்டு நின்னீங்கல்ல? அப்புடி என்னாதான் இருக்குன்னு நானும் பாத்தேன். அன்னிக்குத்தான் மொத மொதல்ல பாக்குறேன்."

"என்னா இருந்துச்சு?"

"அவருக்கும் மூச்சு வாங்குச்சுண்ணே."